மூன்றாம் நாள் நிபுணர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. எந்த வேலையையும் முதல் நாள் பயந்துகொண்டே தொடங்கும், இரண்டாம் நாள் குறிப்பெடுக்கும், மூன்றாம் நாள் ஊருக்கே தீர்ப்புச் சொல்லும். நான்காம் நாள் என்ன செய்யும் என்று கேட்கிறீர்களா? நான்காம் நாளும் தீர்ப்புத்தான். கார் ஓட்டப் பழக இரண்டே முறை போய்விட்டு டாக்சிக்காரருக்கு வளைவில் திருப்பச் சொல்லித் தருகிறவர், ஒரு வாரம் யோகா செய்துவிட்டு பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் முதுகை நிமிர்த்துகிறவர் எல்லாரும் இந்த இனம்தான். இவர்களில் தலைசிறந்த ஒருவரை நீங்கள் அவசியம் சந்திக்க வேண்டும்.

பெயர் தர்ஷனா. வயது முப்பத்தொன்று, வீடு சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில். ஆறு ஆண்டுகள் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இன்னொரு கணினி முன் போய் உட்கார மனமில்லாமல், டைல்ஸ் ஒட்டும் தொழிலுக்கான பன்னிரண்டு வார அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தாள். முடிவில் ஒரு காண்டிராக்டர் வந்து, பயிற்சி பெறும் எட்டுப் பேரும் ஒட்டிய சுவர்களைப் பார்த்து, ஒருவரை மட்டும் சம்பளத்துடன் தொழில் பழகுநராக எடுத்துக்கொள்வார். ஓய்வுபெற்ற எழுத்தரான அப்பா இராஜசிங்கம், "பிள்ளை பில்டிங் லைன்ல மேனேஜ்மென்ட் படிக்கிறா" என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாம் நாள், பயிற்றுநர் பரமசிவம் ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டிக் காட்டினார். டைல்ஸுக்குப் பின்னால் பசை நிறைந்திருந்தால் 'டிக்' என்று கெட்டியான சத்தம் வரும். காற்று புகுந்திருந்தால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம். அந்த டைல்ஸ் என்றாவது பெயரும். பாடம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தர்ஷனா தட்டாத சுவர் எது? எம்ஆர்டி ரயில் நிலையத்தின் தூணைத் தட்டினாள், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது தட்டினாள், பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்துக்கொண்டே கைக்கு எட்டிய சுவரைத் தட்டி, அவர் கருவியை வெளியே எடுத்த முதல் நொடியில் "டாக்டர், இது வெத்து" என்றாள். சிராங்கூன் ரோட்டில் அப்பாவோடு சாப்பிடப் போன இடத்தில் மேசைக்குப் பக்கத்துச் சுவரை நான்கு முறை தட்டினாள். கூப்பிடுகிறார்கள் என்று நினைத்த பரிமாறுபவர் நான்கு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"போதும் பிள்ளை, தோசை ஆறுது" என்றார் அப்பா.

"அப்பா, நீங்க சாஞ்சிருக்கிறதே வெத்துச் சுவர்ல."

இராஜசிங்கம் அதன்பின் சாயவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

சித்தப்பா மகன் சுலக்ஷன் மார்சிலிங்கில் புது வீடு வாங்கிக் குடிபுகுந்தான். ஐயர் மந்திரம் சொல்ல, எல்லாரும் கண்ணை மூடியிருக்க, தர்ஷனா முழங்காலில் தவழ்ந்து கூடத்துத் தரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். மந்திரம் முடிவதற்குள் பதினோரு டைல்ஸில் நீல டேப் ஒட்டியாகிவிட்டது. விருந்தாளிகள் அவற்றின்மேல் கால் படாமல், கையில் பாயசக் கிண்ணத்தோடு தாண்டித் தாண்டிப் போய்வந்தார்கள். கொஞ்சம் பருமனான ஒரு மாமா சோபாவை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார்.

"அக்கா, நீங்க சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்புங்க லா" என்றான் சுலக்ஷன். ஐயர் மட்டும் அவளைத் தனியே அழைத்து, "எங்க வீட்டுப் பாத்ரூமையும் ஒரு நாள் வந்து பாருங்கம்மா" என்று முகவரி கொடுத்தார்.

இப்படி ஊரையெல்லாம் தட்டியவள் ஒரே ஒரு சுவரை மட்டும் தட்டவில்லை. தன்னுடையதை. நேரம் கிடைக்கவில்லை என்பது அவள் சொன்ன காரணம். உண்மை வேறு. மாலையில் கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், காலையில் வெறும் சிமெண்டாக இருந்த இடத்தில் வரிசை வரிசையாகத் தன் கைவேலை நிற்கும். ஆறு ஆண்டுகள் தட்டச்சு செய்ததில் ஒரு நாள்கூட அப்படி எதுவும் நின்றதில்லை. அந்தச் சுவர் 'டொக்' என்று சொல்லிவிட்டால்?

கடைசி வாரம் காண்டிராக்டர் அப்துல் கையூம் வந்தார். எட்டுப் பேரும் தத்தம் சுவருக்கு முன் நின்றார்கள். கேட்காமலே பேசியவள் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"சார், இல்ஹாம் சுவர்ல மூணாவது வரிசை வெத்து."

இல்ஹாம் அவளுக்கு அடுத்த சுவர்க்காரன். முன்பு வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுத்தவன், பேச்சுக் குறைவு. முறைத்தான். கையூம் தட்டினார். 'டொக்.'

"சரியாத்தான் சொல்றீங்க. உங்களோடது எப்படி?"

தர்ஷனா நாணயத்தை எடுத்தாள். முதல் டைல்ஸ் 'டிக்'. இரண்டாவது 'டிக்'. மூன்றாவதில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 'டொக்.' வேறு யாராவது சொல்வதற்கு முன் தானே நீல டேப்பைக் கிழித்து ஒட்டினாள். கடைசி வரிசை முடிந்தபோது ஆறு டேப்.

"ஏழு" என்றான் இல்ஹாம். "மேல வலது மூலை. மெதுவாத் தட்டிட்டு விட்டுட்டீங்க."

அவள் திரும்பத் தட்டினாள். ஏழுதான்.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க. பேத்து மறுபடி ஒட்டிடறேன்" என்றாள். உளியை எடுத்தாள். இல்ஹாமும் தன் மூன்றாவது வரிசையைப் பெயர்க்க ஆரம்பித்தான். இருவர் தலையிலும் தூசி. காத்திருந்த கையூம் சும்மா இருந்தாரா? சட்டைப்பையிலிருந்து தன் நாணயத்தை எடுத்துப் பயிற்சிக்கூடத்தின் தரையைத் தட்டிக்கொண்டே போனார்.

"சார், இது வெத்து" என்றார் பயிற்றுநரைப் பார்த்து.

"அது நான் ஒட்டினது" என்றார் பரமசிவம், மெல்லிய குரலில்.

ஒரு மணி நேரம் கழித்து கையூம் இரண்டு சுவர்களையும் மூலைக்கு மூலை தட்டினார். எல்லாம் 'டிக்'. தாடையைச் சொறிந்தார்.

"ஒரு ஆள்தான்னு சொல்லியிருந்தேன். ஆனா ஒருத்தர் தப்பு இன்னொருத்தர் காதுலதான் விழுது. ரெண்டு பேரும் வாங்க. ஒருத்தர் சுவரை ஒருத்தர் தட்டுங்க. நான் ஒட்டின தரையை மட்டும் தட்டாதீங்க."

தர்ஷனா சிரித்தாள், அழுதாள், பசைக் கையோடு முகத்தைத் துடைத்து நெற்றியில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். "மேனேஜ்மென்ட்தானே?" என்றார் இராஜசிங்கம். "இல்லப்பா. டைல்ஸ்." "நம்ம குசினிச் சுவர்ல டைல்ஸ் ஒண்டு ஆடுது. எப்ப வாறாய்?" என்றார்.

அதோடு திருந்திவிட்டாள் என்று நினைத்தீர்களா? தொழில் பழகத் தொடங்கிய மூன்றாம் நாள், குளியலறைத் தரையின் வாட்டம் நீர்ப்போக்கியை நோக்கிச் சரிய வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். இப்போது உறவினர் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றியதும் ஒரு குவளைத் தண்ணீர் கேட்கிறாள். குடிக்க என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவளோ குளியலறைத் தரையில் ஊற்றிவிட்டு, குனிந்து உட்கார்ந்து அது எங்கே போகிறது என்று பார்க்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கெட்டியான சத்தம் எது, வெற்றுச் சத்தம் எது, வாட்டம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு முன்பு உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். அடுத்து யார் வீட்டுக்குப் போகிறீர்களோ, பாவம் அவர்கள்.