தைஸ்தோவின் முப்பது வருட அழுக்கு

"இன்னிக்குன்னு பார்த்தா பிரியணும்?" என்று தைஸ்தோ தன் பேஸ் கிதாரைக் கடிந்துகொண்டார். தடித்த கம்பியின் மேல்சுற்று ஓரிடத்தில் பிரிந்து, தொட்டாலே கொர்ரென்றது.

ஏழு மணிக்கு ஏரிக்கரை மண்டபத்தில் நடனம். பத்து நிமிட நடையில் மௌனோவின் இசைக்கருவிக் கடை. ஆனால் தைஸ்தோவுக்குப் புதுக் கம்பி என்றாலே ஆகாது. மனைவி ரைலி முதன்முதலாக மேடையருகே வந்து அவரைப் பார்த்துச் சிரித்த அன்று மாட்டிய கம்பிகள் இவை. முப்பது வருடமாகக் கழற்றியதில்லை, துடைத்ததுகூட இல்லை. சத்தமே அழுக்கில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

"ஏங்க, மௌனோகிட்ட ஒண்ணு வாங்கிக்கலாமே," என்றாள் ரைலி.

"நீயா சொல்ற? அன்னிக்கு நீ கேட்ட சத்தம் இது!"

ரைலி ஏதோ சொல்ல வாயெடுத்து, காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிரிந்த இடத்தில் அவளுடைய நகப்பூச்சைத் தடவினார். காய்ந்தது. வாசித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் டக், டக்.

பூச்சு பெயரட்டும் என்று கம்பியைக் கழற்றி, சட்டியில் வினிகர் விட்டுக் கொதிக்க வைத்தார். பூச்சு போனது. அழுக்கும் போனது. அடுப்படி முழுக்க ஒரு வாசனை.

"சாசேஜ் வறுக்கிறியா?" என்று கேட்டபடி பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா என் விரல்ல ஊறின எண்ணெய் அதுய்யா!"

திரும்ப மாட்டினால் கம்பி பளபளவென்று மின்னி டணாரென்றது. மற்ற மூன்றும் கிழவர்கள், இது மட்டும் பள்ளிக்கூடப் பையன்!

அழுக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமே? படகுக்குப் பூசும் தாரைத் தடவி, சவுனா என்ற வெந்நீராவிக் குளியலறையில் தொங்கவிட்டு, தானும் துண்டோடு காவல் உட்கார்ந்தார். அரை மணி வெந்த பிறகு மாட்டி முறுக்கினார். டங்! இரண்டு துண்டு.

பாவம், மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அந்த நாளே அறுந்துபோச்சு ரைலி."

"கம்பிதானேங்க. நான் இங்கதானே இருக்கேன்," என்று அவர் தோளைத் தடவினாள். "போய் வாங்கிட்டு வாங்க."

ஐந்தரைக்கு, ஏதோ திருடிவிட்டு வந்தவர் போல, மௌனோவின் கடைக்குள் நுழைந்தார். தார் அப்பிய இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்தார்.

மௌனோ தயாராக எடுத்து வைத்திருந்ததுபோல் ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"வருஷா வருஷம் நீங்க மீன் பிடிக்கப் போற வாரம் ரைலி அண்ணி வாங்கிட்டுப் போற அதே செட்டுதாண்ணே. சாசேஜ் கொழுப்பை மட்டும் அவங்களையே பூசச் சொல்லுங்க, உங்களுக்குக் கைப்பக்குவம் பத்தாது."