புள்ளி அண்ணன் வைத்த பூஜ்யம்

படூர் ஐ.டி. கம்பெனிகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும் புள்ளி அண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடைக்க மாட்டார். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் நெட்வொர்க் அவர் பொறுப்பு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனியாகக் கொடுக்கும் ஐ.பி. முகவரி என்பது நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள். யார் முகவரி கொடுத்தாலும் முதலில் புள்ளிகளை விரல் வைத்து எண்ணுவார். அதனால் வந்த பெயர் அது. செங்கல்பட்டிலிருந்து வருகிறவர். பஸ் போர்டில் திருப்போரூர் என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் கண்டக்டரைக் கேட்பார், பிறகு டிரைவரைக் கேட்பார். இருவர் பதிலும் ஒத்துப்போனால்தான் ஏறுவார்.

முகவரிகளைச் சோதித்துக் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்க அவர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் ஒன்று இருந்தது. பெற்ற பிள்ளை மாதிரி அதைப் பார்த்துக்கொள்வார். முகவரியில் வரக்கூடிய உச்ச எண்ணான 255-ஐத் தாண்டி ஓர் எண்ணைத் தட்டினால், "இன்னா நைனா, இப்டி ஒரு நம்பரு எந்த ஊர்ல கீது?" என்று திரையிலேயே கேட்கும். ஒருமுறை மேனேஜரையே கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அதை ஒழித்துக்கட்ட மேனேஜர் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்த வாரம் அண்ணனுக்குத் திடீரென்று அழகுணர்ச்சி வந்தது. எல்லா எண்களும் மூன்று இலக்கமாக வரிசையில் நிற்க வேண்டுமாம். என் முகவரியின் கடைசி எண் 10. அதை 010 ஆக்கி ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்தார். முன்னால் பூஜ்யம் இருந்தால் ஷெல் அந்த எண்ணைப் பத்து பத்தாக இல்லாமல் எட்டு எட்டாகக் கணக்கிட்டுப் படிக்கும். 010 அதற்கு வெறும் 8. அந்த எட்டோ ஏற்கெனவே மேனேஜர் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது. ஒரே முகவரியில் இரண்டு பேர் குடியேறியதும், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு மேனேஜர் பேசிக்கொண்டிருந்த மீட்டிங் பாதியில் அறுந்தது.

மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். புதிதாக வந்தவள் எதையோ நோண்டிவிட்டாள், திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் தம்பியைக் காலேஜில் சேர்த்திருந்தார்கள்.

அண்ணன் என் திரையை எட்டிப் பார்த்தார். கடைசி எண்ணாக 10-க்குப் பதில் 8 நின்றது. அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டதாக அந்த ஆபீஸ் சரித்திரத்திலேயே கிடையாது.

"பாப்பா ஒண்ணும் பண்ல சார். அழகா இருக்கட்டும்னு பூஜ்யம் வச்சது நானு. அனுப்பணும்னா என்ன அனுப்புங்க."

மேனேஜர் எங்கள் இருவரையும் அனுப்பவில்லை. ஸ்கிரிப்ட்டைத் தூக்கச் சொன்னார். அண்ணன் தன் கையாலேயே அழித்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, முன்னால் வைத்த பூஜ்யத்தை எடுத்துவிட்டு முகவரியைப் போட்டார்.

"இப்ப நெட் வருதா பாரும்மா."

வந்தது. எனக்கு அழுகையும் வந்தது. எத்தனையோ ஆபீஸ் மாறிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் அவர் இருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.