நக்கோ பாயும் சிவப்புப் பட்டனும்

வளைகுடா நாடுகளில் அதிகம் பேரின் பேச்சைப் பாதியில் நிறுத்திய ஒரே தமிழர் நக்கோ பாய்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. குவைத்தின் ஃபர்வானியாவிலிருந்து பேசியவர்கள், சவூதியின் தம்மாமிலிருந்து அழுதவர்கள், தோஹாவிலிருந்து பாட்டுப் பாடியவர்கள் என்று அத்தனை பேரையும் துபாயில் ஒரு குளிர் அறையில் உட்கார்ந்தபடி ஒற்றை விரலால் வாயடைத்தவர் அவர். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் இந்தப் பத்திரிகை ஆபீசுக்கே வந்து அடித்துவிட்டுப் போவார்.

துபாயில் அப்போது ஓர் உருது பொழுதுபோக்குச் சேனல் இருந்தது. நான் அங்கே சவுண்ட் எஞ்சினீயர். தூத்துக்குடியில் மாதா கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு உருதுவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க மொழி எதற்கு?

நக்கோ பாய் வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ். ஆனால் அவருடைய உருது நம் பக்கத்து தக்கனி உருது. வடக்கே உள்ளவர்கள் வேண்டாம் என்பதை மரியாதையாக நீட்டி முழக்கிச் சொல்வார்கள். இவர் ‘நக்கோ’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். “டீ வேணுமா பாய்?” என்றால் “நக்கோ” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார். எங்கள் தயாரிப்பாளர் லக்னோக்காரர். ஜனாப் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தும்மினால்கூட இலக்கணப் பிழையில்லாமல் தும்முகிற மனிதர். ‘நக்கோ’ காதில் விழும்போதெல்லாம் சோற்றில் கல் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபாவின் நேரலை. ஆபா என்றால் அக்கா. கராச்சியிலிருந்து வந்த தொகுப்பாளர். வளைகுடா முழுக்க லீவில் இருக்கும் ஜனங்கள் போன் செய்து அவரிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். பேசுவது உடனே டிவியில் போகாது. சில விநாடி தாமதமாகத்தான் போகும். அந்த இடைவெளியில் ஏடாகூடமாக யாராவது பேசினால் அமுக்குவதற்கு ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அமுக்கினால் அந்தப் பேச்சு டிவியில் வராது, சேனலின் இசைதான் வரும். அந்தப் பட்டன் நக்கோ பாயிடம் இருந்தது. போன் அழைப்புகளை வாங்குவதும் அவர்தான்.

ஒரு காதில் மட்டும் ஹெட்போன். இரண்டு கண்ணும் மூடியிருக்கும். விரல் பட்டன் மேல். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்திக்கொண்டே அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது அமுக்குவார் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் பிரியாணி செய்முறை சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க கம்பெனி கிச்சன்ல...” என்று ஆரம்பித்தார். பாய் அமுக்கிவிட்டார். அரிசி வேகாமலே அந்தப் பிரியாணி முடிந்தது. இன்னொருவர் ஃபர்வானியாவிலிருந்து கல்யாண நாளுக்கு மனைவிக்கு வாழ்த்துச் சொல்ல வந்தார். எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் குடியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். வாழ்த்து போய்ச் சேரவில்லை.

கவிதை சொல்பவர்கள் பாடு இன்னும் மோசம். கஜலில் கடைசி ஈரடியில்தான் கவிஞர் தன் பெயரை வைப்பார், அங்கேதான் ‘வாஹ் வாஹ்’ எல்லாம் விழும். சரியாக அந்த இடத்தில் நக்கோ பாய் விரலை இறக்குவார்.

ஜனாப் தலையில் கைவைத்துக்கொள்வார். “கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் பார்த்து லைட்டை அணைக்கிறானே இந்த ஆளு” என்று அவர் உருதுவில் புலம்பியதை என் தமிழில் இப்படித்தான் புரிந்துகொண்டேன். சேனல் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில்தான் நக்கோ பாய் இப்படிச் செய்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

ஆரம்பத்தில் சேனல் கொடிகட்டிப் பறந்தது. எங்கள் நாடகங்கள் போகிற நேரத்தில் கடைகளில் வியாபாரமே நின்றுபோகும். ஒரு வார்த்தை புரியாத மலையாளிகள்கூடக் கண்ணைத் துடைத்தபடி பார்த்தார்கள். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கராச்சிக்காரர்கள் நாடகத்தை நேரே நெட்டில் போட ஆரம்பித்தார்கள். விளம்பரம் தேய்ந்தது. ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. மேக்கப் போடுகிறவரே கேமராவையும் பிடித்தார். கடைசியில் ஆபாவின் நேரலை மட்டும்தான் சேனலுக்கு உயிர். அதற்கும் பேச ஆள் குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்களை எல்லாம் ஒருவர் விரலால் விரட்டிக்கொண்டிருந்தால் யார் வருவார்கள்?

அப்போதுதான் ஓர் அரிசிக் கம்பெனி முதலாளி மாட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்து நேரலையைப் பார்ப்பார். பிடித்தால் வருஷம் முழுக்க விளம்பரம் தருவார். பிடிக்காவிட்டால் சேனலுக்குப் பூட்டுதான். ஜனாப் எங்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு விசா அந்தச் சேனலில். மகளுக்கு ஷார்ஜாவில் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்த்திருந்தேன். நக்கோ பாய்க்கு ஊரில் இரண்டு பெண்கள் கல்யாண வயதில் நின்றார்கள்.

“பாய், இன்னைக்கு ஒருநாள் மட்டும் கையைப் பாக்கெட்டுல வைங்க” என்று ஜனாப் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

“ஹவ், ஹவ்” என்றார் நக்கோ பாய். அவர் ஆமாம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

அரிசிக்காரர் எங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் வந்த அழைப்புகள் சப்பென்று இருந்தன. அவர் கொட்டாவி விட்டார். அப்புறம் தம்மாமிலிருந்து ஒரு பையன் லைனில் வந்தான். வீட்டு டிரைவர். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். உயிரோடு ஒருமுறை பார்க்க வேண்டும். கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, லீவ் தர மறுக்கிறார். பாஸ்போர்ட் அவருடைய அலமாரியில் இருக்கிறது. பையன் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆபா கண்ணைத் துடைத்தார். அரிசிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நெடுநாள் கழித்து எல்லா லைன்களிலும் விளக்கு மினுமினுத்தது. “ஓடட்டும், ஓடட்டும், யாரும் கையை வைக்காதீங்க” என்று ஜனாப் கிசுகிசுத்தார்.

அந்த நேரம் பையன் குரலை உயர்த்தினான். “எல்லாரும் கேட்டுக்குங்க. என் பேரைச் சொல்றேன். என் கஃபீல் பேரையும் சொல்றேன்.”

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நக்கோ பாயின் விரல் இறங்கிவிட்டது. டிவியில் சேனலின் இசை வந்தது. லைன் ஆபாவிடமிருந்து கழன்று நக்கோ பாயின் மேஜைப் போனுக்கு வந்துவிட்டது.

“அவனைத் திரும்பக் குடுங்க” என்று ஜனாப் கத்தினார். “லைனைக் குடுங்க பாய்.”

“நக்கோ.”

“சேனல் போயிடும்.”

நக்கோ பாய் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, போனைக் காதோடு அணைத்துக்கொண்டார். “நாம் நக்கோ போல் பேட்டா” என்றார். பெயரைச் சொல்லாதே மகனே என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் பேசியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. டிவியில் பெயர் சொன்னால் முதல் கேஸ் உன்மேல்தான் விழும், அப்புறம் நீ ஊருக்கே போக முடியாது என்றார். தம்மாமில் இந்த மாதிரிச் சிக்கல்களில் உதவுகிற, தனக்குத் தெரிந்த ஒருவரின் நம்பரை மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் அரிசிக்காரர் ஜனாபிடம், “அந்தப் பையன் மறுபடி வருவானா, மாட்டானா?” என்று கேட்டார். அரிசிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “என்ன பாய், இப்படிப் பண்ணிட்டிய? எல்லார் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியளே. லைசென்ஸுக்கு அவ்வளவு பயமா?”

“லைசென்ஸா? அது இன்னாவோ ஆவட்டும்பா” என்றார் நக்கோ பாய். “டிவியில பேரு வெளிய போனா யாரு திருப்பி உள்ள இழுக்கறது? நாம ஷோவ முடிச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவோம். மறுநாள் அவன் அந்த வூட்லதான வண்டி ஓட்டணும்?”

கம்பெனி கிச்சன், கட்டடத்தின் அடையாளம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. யார், எங்கே, யாரிடம் வேலை செய்கிறார் என்று தெரிந்துபோகும் இடத்தில்தான் அத்தனை தடவையும் விரலை இறக்கியிருக்கிறார். சேனலைப் பற்றி அந்த மனிதர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

ஜனாப் மட்டும் விடவில்லை. சோர்ந்துபோய் நாற்காலியில் விழுந்து, “சரி, கஜல் என்ன பண்ணிச்சு?” என்று கேட்டார்.

“அதுலயும் பேரு வர்து இல்ல?” என்றார் நக்கோ பாய். புனைபெயர் என்று ஒன்று இருப்பதை ஜனாப் அவருக்கு விளக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டார். அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சேனல் மூடுவது முடிவாகிவிட்டது. ஜனாப் யாரையும் திட்டவில்லை. நாங்கள் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த கடைசி வாரத்தில், நேரலை நம்பருக்கு ஓர் அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். “லைனைக் கட் பண்ற பாய் இருக்காரா?” என்று உருதுவில் கேட்டது குரல். பின்னணியில் விமான நிலைய அறிவிப்பு. தம்மாம் பையன். பாய் கொடுத்த நம்பர்காரர் மூலம் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டதாம். அம்மா இன்னும் இருக்கிறார், இவனுக்காகத்தான் கண் விழித்திருக்கிறார் என்றான்.

போனை நக்கோ பாயிடம் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், “இப்ப சொல்லு பேட்டா” என்றார்.

பையன் தன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சொல்லியிருப்பான் போல, அவ்வளவு நேரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். கண்ணீர் மட்டும் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும், “அவன் பேரு என்ன பாய்?” என்று கேட்டேன்.

சொல்லவில்லை. இப்போது வாணியம்பாடியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் போய்ப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், இன்றுவரை சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்றுதான் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.