படிக்கத் தெரியாத காலத்தில் நான் சொன்ன நல்ல புத்தகங்கள்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு, இரண்டு கையும் கூப்பி வணக்கம்.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அது எப்போதுமே தனிக்கட்சி. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. முதல் நாள் 'மதிப்பும்' வரை வந்தேன். மறுநாள் 'மரியாதையும்'. அதற்குப் பிறகு வேகம் பிடித்துவிட்டது. எழுத்து சாய்ந்திருக்கும் இடங்களில் நீங்களும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டு மாடியில் புத்தகப் பிரியர்கள் எட்டுப் பேர் கூடுவதாகவும், நான் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பிடித்த ஐந்து புத்தகங்கள் எவை என்று எழுதினால் அதை அங்கே வாசித்துக் காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். 'நீங்கள் சொன்னால் தப்பாது' என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்பந்தம் பேச வந்த அன்று, என்னைப் பற்றி நூலகத்தில் விசாரித்துவிட்டு வந்து, "பொண்ணைப் பெத்தவர் இவ்வளவு படிச்சவரா இருக்கும்போது எனக்கு வேற என்னங்க வேணும்?" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பேச்சை முடித்தீர்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. போன வருஷம்தான் மாலை வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றுக்கொண்டேன். இதற்கு முன்னால் உங்களுக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதியது. என் கையால் எழுதும் முதல் கடிதம் இதுதான். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: என் வீட்டுக்காரி, என் மகள், ஜெராக்ஸ் கடைக்காரர். என் மகள் மேல் கோபப்படாதீர்கள், சம்பந்தி. வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எழுத்துத் தெரியாதவன் நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் எப்படிக் குப்பை கொட்டினான் என்று கேட்பீர்கள். குப்பை கொட்டத்தான் சேர்ந்தேன். கூட்டுவது, துடைப்பது, திரும்பி வந்த புத்தகத்தை அலமாரியில் அடுக்குவது என் வேலை. எண் தெரியும். புத்தகத்தின் முதுகில் எண் இருக்கும். அது போதும். ஒருநாள் நூலகர் சாப்பிடப் போயிருந்தபோது ஒருவர் வந்து, "ஐயா, நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றார். எதை எடுப்பது? கையில் ஒரு புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் விரல் அழுக்கு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சீராக. நடுவில் தேநீர்க் கறை. குடிக்க மறந்து படித்திருக்கிறார்கள். கொடுத்தேன். இரண்டாம் நாள் ஓடி வந்தார். "என் மனசுல இருந்தது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். "அனுபவம்" என்றேன். அதுதான் ஆரம்பம். அழுக்கு கால்வாசியோடு நின்றால் அந்தப் புத்தகத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன். அழுக்கு நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் கல்யாணமாகாத பையன்களுக்கு ஒன்றும் பேசாமல் கொடுத்துவிடுவேன். தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால், குளியலறைக்குள்ளும் விடாமல் கொண்டு போயிருக்கிறார்கள் என்று பொருள். அது முதல் தரம். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடி ஒன்றையும் மாட்டிக்கொண்டேன். ஊரே என்னைப் 'புரொபசர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. உங்களுக்குச் சொன்ன நாற்பத்து மூன்று புத்தகங்களும் இப்படி விரல் அழுக்கைப் பார்த்துச் சொன்னவைதான். அட்டையை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் நீட்டுவேன், அவர் பெயரை எழுதிவிடுவார். 'கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கிவிட்டது' என்று உங்களிடமிருந்து பதில் வரும்போதெல்லாம் நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்து அழுக்கை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரி, "நாள் பூரா இப்படி உக்காந்து என் மூஞ்சியைப் பாக்காதீங்க, எனக்குக் கை ஓட மாட்டேங்குது. எங்கயாச்சும் போயிட்டு வாங்க" என்றாள். என் முழங்காலுக்கு எட்டிய தூரத்தில் நூலகத்தை விட்டால் மாலை வகுப்பு ஒன்றுதான் இருந்தது. மாடி ஏற வேண்டியதில்லை. போனேன். எட்டு மாதத்தில் எழுத்து வந்துவிட்டது. சம்பந்தி, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! தெருவில் சுவர்கள் எல்லாம் என்னோடு பேசுகின்றன. 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று ஒரு கதவு சொல்கிறது. எனக்கு வண்டியே கிடையாது, இருந்தாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஐந்து புத்தகம் கேட்டீர்கள். நான் படித்து முடித்தது இரண்டு. முதலாவது, தண்ணீர் மோட்டாரைப் பராமரிப்பது பற்றியது. நாற்பது பக்கம். முப்பதாம் பக்கத்தில் மோட்டார் ஓடவில்லை. ஒயரைப் பார்க்கிறார்கள், வால்வைப் பார்க்கிறார்கள், கழற்றித் துடைக்கிறார்கள், எனக்கோ நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூன்று வாரம் கழித்து முப்பத்து நான்காம் பக்கத்தில் பார்த்தால், தொட்டியில் தண்ணீரே இல்லை! அப்படியொரு திருப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது, மாதிரிக் கடிதங்கள் அடங்கிய புத்தகம். முதல் கடிதத்தில் ஒருவர் காய்ச்சல் என்று லீவு கேட்கிறார். அடுத்ததில் தெருவிளக்கு எரியவில்லை என்கிறார். அதற்கடுத்து வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார். லீவு கொடுக்காமல் வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம். கடைசியில் கல்யாண வாழ்த்துக் கடிதம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது, இப்போது படித்துக்கொண்டிருக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல். நான் பத்தொன்பதாம் பக்கம் வரை வந்தபோது ஒரு பெண் மாடிப்படி ஏறி, ஒரு கதவைத் தட்டக் கை ஓங்கினாள். அடுத்த வரிக்குப் போவதற்குள் என் முழங்கால் மோசமாகி ஒன்பது நாள் படுத்துவிட்டேன். ஒன்பது நாளும் அவள் கையைத் தூக்கியபடியே நிற்கிறாள் என்ற நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாம் நாள் நூலகம் மூடும் நேரத்தில், ஓய்வுக்குப் பிறகும் அங்கே எனக்கென்று இருக்கும் முக்காலியில் போய் உட்கார்ந்தேன். நாவலைத் திறப்பதற்குள் எங்கள் தெருத் தையல்காரர் வந்து, "புரொபசர், படுத்தா தூக்கம் வர்ற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார். பழைய ஆளாக இருந்தால் அழுக்கைப் பார்த்திருப்பேன். இப்போது எனக்குத்தான் படிக்கத் தெரியுமே! மோட்டார் புத்தகத்தை அவர் நெஞ்சில் வைத்து அழுத்திக் கொடுத்தேன். மனிதர் ஒரே மூச்சில் படித்திருக்கிறார். காலையில் அவர் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் மோட்டார், ஒரு குறையும் இல்லாத மோட்டார், பாகம் பாகமாகப் பாயில் கிடக்கிறது. "படிச்சதுக்கப்புறம் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாராம். திரும்பப் பூட்டியபோது மூன்று பாகம் மிச்சம். அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். நான்கு மாடிக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் இலாகா இன்ஜினீயரைத் தேடினால் அவர் முடிதிருத்துபவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார், பாதி மீசையோடு. காரணம் நான்தான். காலையில் அந்த வழியாகப் போனவனை முடிதிருத்துபவர் கூப்பிட்டு, "இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். படியேறி நிற்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். "அப்புறம் எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனிதர் தூக்கிய கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். "யோவ், கையை இறக்குய்யா" என்று இன்ஜினீயர் கத்தியதற்கு, "அவ இறக்கட்டும் சார், நானும் இறக்குறேன்" என்றிருக்கிறார். பாதி மீசையோடு வெளியே வர இன்ஜினீயருக்கு மனமில்லை. கடை வாசலில் நான்கு மாடி ஜனமும் வாளியோடு நிற்கிறது. ஒருவர் தலையில் சோப்பு நுரையோடு நிற்கிறார்.

என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே நூலகர் அம்மா நாவலோடு ஓடி வந்து, "நானே ஒரு நிமிஷத்துல படிச்சுச் சொல்லிடுறேன், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். "வேணாம்மா. பாதியில விட்டவர் அவரு. அவரே படிக்கட்டும்" என்றார் முடிதிருத்துபவர். கூட்டமும் ஆமாம் என்றது. அரைப் பக்கம், சம்பந்தி. ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நான் ஒரு சொல்லில் சிக்கினால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நுரை போட்டவருக்கு நுரை காய்ந்து உதிர்ந்தது. கடைசியில் அவள் கதவைத் தட்டினாள். ஒருவன் திறந்து யார் வேண்டும் என்று கேட்டான். மன்னிக்கவும், வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

"இதுக்காய்யா இவ்வளவு நேரம்?" என்று இன்ஜினீயர் அலறினார். "மாடிப்படி ஏறும்போதே எனக்குச் சந்தேகம்தான்" என்று சொல்லி முடிதிருத்துபவர் மீதி மீசையைச் சரி செய்தார். இன்ஜினீயர் போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு, இதை இவ்வளவு அழகாகக் கழற்றியது யார் என்று கேட்டாராம்.

மறுநாள் நூலகர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, இத்தனை வருஷம் நீங்க சொன்ன புத்தகம் ஒண்ணுகூடத் தப்புனதில்ல. இப்ப ஏதோ ஆகிப்போச்சு. படிச்சுப் படிச்சுக் களைச்சுட்டீங்கன்னு நினைக்கிறேன். கொஞ்ச நாளைக்குப் படிக்கிறதை நிறுத்திப் பாருங்களேன்" என்றார். என் முக்காலியையும் நாளிதழ் பக்கமாக நகர்த்திவிட்டார். இப்போது யாரும் என்னிடம் புத்தகம் கேட்பதில்லை. அதுவும் நல்லதுதான். படிக்க நேரம் கிடைக்கிறது.

ஆகவே சம்பந்தி, இதுதான் நான். படித்தவன் என்று நம்பி நீங்கள் பெண் எடுத்த வீட்டில் இருந்தது பழைய கண்ணாடி போட்ட ஒரு கூட்டுபவன். உங்கள் எட்டு நண்பர்களிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. உங்களைப் போல ஆழ்ந்து படிக்கும் ஒருவரை இத்தனை நாள் ஏமாற்றியதற்குக் காலில் விழலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. எழுத்தில் விழுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேரப்பிள்ளைக்கு முத்தம். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நல்ல கண்பார்வையோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனிமேல் புரொபசர் இல்லாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதுவதற்காக உங்கள் பழைய கடிதங்களை எடுத்தேன். இதுவரை ஜெராக்ஸ் கடைக்காரர்தான் படித்துச் சொல்வார். இன்றைக்குத்தான் நானே பிரித்துப் பார்த்தேன். வகுப்பில் நான் எழுதிப் பழகியது என் மகளின் பள்ளிக்கூட நோட்டுகளைப் பார்த்து. எட்டு மாதம் அவள் எழுத்தின் மேலேயே என் விரலை ஓட்டியிருக்கிறேன். அவள் 'ழ' போட்டால் வால் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றிலும் அதே வால். அவள் பிரசவத்துக்கு இங்கே வந்திருந்த ஐந்து மாதம் மட்டும் உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பிறகு கண்வலி என்று எழுதியிருந்தீர்கள்.

மகளே, இவ்வளவு நேரம் இதை அவருக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பவள் நீதானே? இருமல் வந்தது போல இருமிவிட்டு இங்கே நிறுத்து. இது உனக்கு மட்டும். அப்படியானால் பன்னிரண்டு வருஷமாகப் புத்தகத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது நீயும் ஜெராக்ஸ் கடைக்காரருமா? ஞாயிற்றுக்கிழமை மாடியில் அந்த எட்டுப் பேருக்கு நடுவில் அவர் என்னதான் செய்கிறார்? நான் கேட்ட மன்னிப்பை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்திருப்பாய். சிரித்திருந்தார் என்றால் பேருந்தில் ஏற்றி இங்கே அனுப்பு, எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது. சிரிக்கவில்லை என்றால், இவ்வளவும் நீயே விளையாட்டுக்குச் சொன்னது என்று சொல்லிவிட்டு, எல்லாரும் நலம், நல்ல புத்தகமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் படித்து முடித்துவிடு.

அந்த நாற்பத்து மூன்று புத்தகங்களையும் படித்தது நீதானா? கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கியது உனக்கா? அதை மட்டும் தனித்தாளில் எழுதி அனுப்பு, கண்ணு. ஜெராக்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டாம். நானே படித்துக்கொள்வேன்.