மதினி வீட்டுச் சுவரில் ஒரு வண்ணத்துப்பூச்சி

தேவாரம் மாந்தோப்பு,
1928, தை மாதம்

கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் சிரஞ்சீவி கர்ணனுக்கு, மேற்குமலை சரிந்து விழுந்தாலும் ஒற்றைத் தோளில் தாங்கிக்கொண்டு மறு கையால் வெற்றிலை போடக்கூடிய உன் சித்தப்பா நல்லகண்ணு ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம் என்று தொடங்குவது மரியாதை. தொடங்கிவிட்டேன், நம்பிவிடாதே.

ஊரில் பிளேக். உன் அப்பாவைக் கொண்டுபோன பிறகும் அதற்குப் பசி அடங்கவில்லை. எலிகள் செத்துச் செத்து ஐப்பசி மழைபோல் விழுகின்றன; குடை உள்ளவன் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறான். ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டு நம் தோப்பில் கீற்றுக் குடிசை போட்டுக் குடியேறிவிட்டது. உன் அம்மா மட்டும் வரமாட்டேன் என்கிறார். காரணம், ஒரு வண்ணத்துப்பூச்சி. கருமாதி முடிந்த அன்று பொழுது சாய்கையில் அது வீட்டுக்குள் நுழைந்து, உன் அப்பா சட்டை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. “அவுக வந்துட்டாக” என்று மதினி செம்பில் தண்ணீர் வைத்துவிட்டார். சிறகு கருகிவிடுமாம், விளக்கும் ஏற்றுவதில்லை. நேற்று அடுப்படியில் எலி விழுந்தது. முறத்தில் அள்ளி வெளியே போட்டுவிட்டு அதே இடத்தில் சோறு பொங்குகிறார்.

நான் சும்மா இருப்பேனா? மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொலைக்கேசு நடத்தும் வக்கீலாட்டம் அதை ஆராய்ந்தேன். பெயர்தான் வண்ணத்துப்பூச்சி, மருந்துக்கும் வண்ணம் கிடையாது. மண் நிறம். சிறகோரம் கண் கண்ணாகப் புள்ளி. சிறகை மூடினால் காய்ந்த மாவிலை. தோப்பில் சருகை மிதித்தால் ஆயிரம் எழும்பும் சாதி.

“மதினி, இது அண்ணனில்ல, தோப்புப் பூச்சி. பகலெல்லாம் நெழல்ல சருகாட்டம் கெடக்கும், பொழுது சாஞ்சாத்தான் எந்திரிக்கும்.”

“ஒங்க அண்ணன் என்னைக்குக் கொழுந்தனாரே வெயில்ல நின்னாக?”

“பூவ ஏறெடுத்துப் பாக்காது. அழுகுன பழம், புளிச்ச கள்ளு, அதுலதான் வாய் வைக்கும்.”

“அவுகளேதான்!”

“இன்னொரு பூச்சி பக்கத்துல வந்தா வட்டம் போட்டு வெரட்டும்.”

“வரப்புத் தகராறுல பாத்ததில்லையாக்கும்? அவுக உள்ள இருக்கைல நா எப்பிடி வீட்டப் பூட்டிட்டு வர?”

ஏலே, என் சாட்சிகளெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆகையால், “அது வெறும் பூச்சி, தோப்புக்குப் போ ஆத்தா” என்று உடனே தந்தி அடி. நீ சொன்னால்தான் கேட்பார். இல்லையென்றால் அடுத்த தந்தியை நான் அடிக்கவேண்டி வரும்.

நீ கொழும்பையே விலைக்கு வாங்கி, எலியில்லாத ஒரு மூலையை எனக்கு ஒதுக்கி, நீடூழி வாழ்வாயாக.

இப்படிக்கு,
நல்லகண்ணு

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். காகிதத்தை மடிப்பதற்குள் மதினியின் பாயிலேயே எலி விழுந்ததாகச் சேதி வந்தது. ஓடினேன். “அண்ணே, வாங்க, தோப்புக்குப் போவோம்” என்று பூச்சியைத் துண்டில் பொத்திக்கொண்டு நடந்தேன். மதினி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். அவர் கைகால் கழுவப் போன நேரத்தில் துண்டைப் பிரித்தால், நசுங்கிக் கிடக்கிறது. அண்ணனை இரண்டாவது தடவையாக நானே தூக்கி வந்திருக்கிறேன். சருகைக் காலால் தள்ளி, எழும்பியதில் ஒன்றைப் பிடித்துக் கீற்றில் உட்காரவைத்தேன்.

மதினி வெகுநேரம் பார்த்தார். “நெறம் வெளுத்துட்டாக.”

“வழியில வெயிலு, மதினி.”

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ வரும்போது கீற்றில் எது உட்கார்ந்திருந்தாலும் “அப்பா” என்று கூப்பிடு. நான் “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறேன். மதினி பக்கத்தில் இல்லாதபோதும்.