தொண்ணூற்றிரண்டு என்றால் வெள்ளி

புது மெஷின் வாங்கிய மனிதனிடம் முதல் ஒரு மாதத்துக்கு யாரும் எந்த உதவியும் கேட்கக் கூடாது. புது டிரில் வாங்கியவன் உங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். புது கார் வாங்கியவன் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பி உங்கள் ரயிலைக் கோட்டைவிட வைப்பான். நான் வாங்கியது மெட்டல் டிடெக்டர். ஏழு வருஷத்துக்கு முன்னால், பெஹாலாவில் பக்கத்து வீட்டு வங்காளிக் கல்யாணத்தன்று அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்துக்குப் பிறகும் அந்தத் தெருவில் எங்களைக் குடியிருக்க விட்டிருக்கிறார்கள். அந்த நன்றியில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது என் மனைவி மாலதியை. காலை நடைக்குப் போன மைதானத்தில் அவளுடைய வைரத்தோடு ஒன்று திருகாணி கழன்று விழுந்துவிட்டது. நான் இரண்டு நாள் குனிந்து தேடிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு, போனது போகட்டும் என்றேன். அவளோ கிடர்பூரில், கப்பல்களிலிருந்து கழித்துக்கட்டிய சாமான்களை விற்கும் ஒரு கடைக்குத் தனியாகப் போய், பழைய டிடெக்டர் ஒன்றை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து நீளமான ஒரு குழாய், அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். பெட்டியில் இரண்டு திருகுகள், காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். திரை கிரை எதுவும் கிடையாது. போட்டதும் வண்டு மாதிரி ரீங்காரம் செய்யும். கீழே உலோகம் இருந்தால் அந்தச் சத்தம் உயரும். ஆணியானாலும் தங்கமானாலும் என் காதுக்கு ஒரே கூச்சல்தான். வெயில் ஏறினால் சத்தம் மாறிவிடும், திருகைத் திருப்பி மறுபடி சரிசெய்ய வேண்டும். கனமோ, இரண்டு வயதுக் குழந்தையை ஒரே கையில் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற கனம். மூன்றாம் நாள் தோடு கிடைத்துவிட்டது. மெஷினை மட்டும் அவள் கீழே வைக்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மைதானம், இல்லாவிட்டால் ஆற்றில் நீர் வடிந்திருக்கும் நேரத்தில் கார்டன் ரீச் பக்கம் படித்துறை. ஓட்டைக் காலணா, உடைந்த பூஜை மணி, யார் வீட்டுப் பீரோவுக்கோ உரிய சாவி என்று என்னென்னவோ அகப்பட்டன. அக்கம்பக்கத்தில் எது தொலைந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நான் பின்னாலேயே டீ பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போவேன். (உத்தியோகத்தில் என்னைப் பார்த்தால் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். படித்துறையில் நான் பிளாஸ்க்.) அந்தப் பொறாமையில்தான் இன்டர்நெட்டில் தேடி ஒரு புது டிடெக்டரை வரவழைத்தேன்.

அதற்குக் குச்சி மாதிரி எடை. அழகான திரை. கீழே என்ன இருக்கிறது என்பதை நம்பரில் காட்டும். சின்ன நம்பர் என்றால் இரும்பு, தொண்ணூறுக்கு மேலே போனால் வெள்ளி. வேண்டாத உலோகங்களைக் கண்டுகொள்ளாதே என்று கட்டளையும் போடலாம். வெள்ளைக்காரர்கள் வயல்களில் குழி தோண்டும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கூடவே வந்த கையேட்டை மட்டும் பிரிக்கவில்லை.

"உன் மெஷினுக்குக் கத்த மட்டும்தான் தெரியும். இது கீழ என்ன இருக்குன்னே சொல்லிடும்" என்றேன்.

"சரிங்க. அது சொல்றது நெஜமான்னு யார் சொல்லுவாங்க?" என்றாள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின் வந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டு தேபு-தா மகள் மிதுவுக்குக் கல்யாணம். தேபு-தாவின் மனைவி அதற்கு நான்கு வருஷம் முன்பே இறந்துவிட்டார். அவருடைய மோதிரம் மிதுவின் விரலில்தான் எப்போதும் இருக்கும். கல்யாணத்தன்று காலை, வீட்டை ஒட்டிய காலி மனையில் பெண்ணுக்கு மஞ்சள் பூசும் சடங்கு. மஞ்சளும் கடுகெண்ணெயும் வழியவழியப் பூசினால் மோதிரம் விரலில் எப்படி நிற்கும்? குளிக்கப் போகும்போதுதான் மிது விரலைப் பார்த்தாள். மா-வின் மோதிரம் இல்லாமல் மணப்பலகையில் உட்கார மாட்டேன் என்று மஞ்சள் முகத்தோடு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

தேபு-தா எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். "மாலதி பௌதி, உங்க மெஷினைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வர முடியுமா?" என்று வங்காளத்தில் கேட்டார். (பௌதி என்றால் அண்ணி. தாதா, சுருக்கமாக தா, என்றால் அண்ணன்.)

அவர் கேட்டது மாலதியை. பதில் சொன்னது நான்.

"தாதா, அது ரொம்பப் பழசு. நான் வரேன், பத்து நிமிஷ வேலை."

"ரெண்டு பேரும் போவோமே" என்றாள் மாலதி.

"ரெண்டு மெஷின் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணையொண்ணு குழப்பும்" என்றேன். என் வாயிலிருந்து அன்றைக்கு வந்த ஒரே உண்மை அதுதான்.

வருஷா வருஷம் அந்த மனையில்தான் துர்கா பூஜைப் பந்தல் போடுவார்கள். மண்ணை விட ஆணி அதிகம். இரும்பைக் கண்டுகொள்ளாதே என்று முதல் கட்டளை போட்டேன். அடுத்து பான் மசாலா பாக்கெட்டின் ஜிகினாத் தாளுக்கெல்லாம் கூவ ஆரம்பித்தது. தோண்டிப் பார்த்ததில் மூன்று தடவையும் தாள்தான்; மூன்று தடவையும் நாற்பத்தொன்று என்ற நம்பர். நாற்பத்தொன்றையும் கண்டுகொள்ளாதே என்றேன். மெஷின் ரிட்டயர்டு ஜட்ஜ் மாதிரி அமைதியாகிவிட்டது.

"மிது எங்கெங்க நின்னான்னு கேட்டுக்கிட்டு வரட்டுமா?" என்றாள் மாலதி.

"வேண்டாம். மெஷின் சொல்லும்."

அவள் கேட்கப் போய்விட்டாள்.

நாற்பது நிமிஷம் மனையை அளந்தேன். கல்யாணத்துக்கு வந்திருந்த கூட்டம் முழுவதும் என்னைச் சுற்றி நின்றது. தேபு-தா என் முகத்தையே பார்த்தார். அப்போது மதிலோரத்தில் மெஷின் மணி அடித்த மாதிரி பாடியது. திரையைப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு!

இனிமேல் எழுதப்போவது வெட்கக்கேடு. அந்தக் கணத்தில் எனக்கு மோதிரம் மறந்துபோயிற்று, அழுதுகொண்டிருந்த பெண் மறந்துபோயிற்று. மெஷினை நகர்த்த நகர்த்த, கைநீளத்துக்கும் மேலாக அதே தொண்ணூற்றிரண்டு. மதிலோரம், வெள்ளி, இவ்வளவு நீளம்! ஏதோ ஜமீன்தார் புதைத்த பெட்டி என்று முடிவே கட்டிவிட்டேன். (நிஜப் புதையல் என்றால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒப்படைக்கும்போது எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்ற வரைக்கும் யோசித்துவிட்டேன்.) ஒரு கடப்பாரை கேட்டு வாங்கினேன்.

"மோதிரம் அவ்வளவு ஆழமாவா போகும், ஷொங்கொர் பாபு?" என்றார் தேபு-தா. சங்கரன் என்ற என் பெயர் வங்காளிகள் வாயில் அப்படித்தான் உருளும்.

"மண்ணு ரொம்ப இளக்கம் தாதா" என்றேன், கூசாமல்.

ஒன்றரை அடி தோண்டியதும் 'ணங்' என்றது. சந்தோஷத்தில் இன்னொரு போடு போட்டேன்.

பூமியிலிருந்து தண்ணீர் கிளம்பி என் தலைக்கு மேலே போயிற்று. மூன்று வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய இரும்புக் குழாய் அது.

சரியாக அதே நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு வாசலுக்குள் நுழைந்தார்கள். வங்காளிக் கல்யாணத்தில் சீரோடு ஒரு பெரிய ரோகு மீனுக்குப் பெண் மாதிரி சேலை கட்டி, மூக்குத்தி மாட்டி, தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதைச் சுமந்துகொண்டு முதலில் வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. தண்ணீர் முதலில் அவர் முகத்தில்தான் விழுந்தது. கண்ணை மூடிக்கொள்ளக் கையைத் தூக்கினார். தட்டு விழுந்தது. சிவப்புப் பட்டுச் சேலையோடு மீன் வெள்ளத்தில் இறங்கி, சாக்கடைப் பக்கமாகப் புறப்பட்டது.

"மாச்! மாச்!" என்று கூட்டம் அலறியது. மீன்! மீன்!

மூன்று தலைமுறையாக முட்டை கூட நுழையாத வீட்டில் பிறந்தவன் நான். ஆனாலும் பழி என்னுடையது அல்லவா? பாய்ந்தேன். உயிரில்லாத மீன் அவ்வளவு வேகமாகப் போகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு தடவை பிடித்தேன், இரண்டு தடவையும் வழுக்கிப் போனது. மூன்றாம் தடவை அதன் மேலேயே விழுந்து, மார்போடு கட்டிக்கொண்டு எழுந்தேன்.

யாரோ ஓடிப்போய் வால்வை மூடினார்கள். தண்ணீர் நின்றது. ஆனால் பெஹாலாவில் வந்த தண்ணீர் லேசில் போகாது; மனை முழுவதும் கணுக்காலுக்கு நின்றது. மூன்று வீட்டிலும் குழாய் வறண்டுவிட்டது. சமையல்காரர் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தார். மீனை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லாததால் நான் அதைப் பிடித்தபடியே நின்றேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாலதி வந்தாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்க மெஷினோட வட்டம் தண்ணியில நனையலாமா?" என்று கேட்டாள்.

"நனையலாம். பெட்டி மட்டும் நனையக் கூடாது."

"என்னோடது நனைஞ்சா போச்சு. அதைக் குடுங்க. எதையெல்லாம் கண்டுக்காதேன்னு வச்சிருக்கீங்களோ, எல்லாத்தையும் எடுத்து விடுங்க."

ஒரு கையில் மீனோடு, மறு கையால் பட்டன்களை அமுக்கிக் கட்டளைகளையெல்லாம் வாபஸ் வாங்கினேன். மாலதி தேபு-தாவின் தோளில் கிடந்த துண்டை வாங்கித் திரையை மூடிக் கட்டினாள். "நம்பரைப் பார்த்தா காது கேக்க மாட்டேங்குது" என்றாள்.

மிது மனையிலிருந்த தூர்ந்துபோன கிணற்றுப் பக்கம் நின்று மஞ்சள் கையை வேகமாக உதறியதாகச் சொல்லியிருந்தாள். மாலதி தேடியது அந்த நான்கடி இடத்தை மட்டும். மெஷின் ஆணிக்கு ஆணி கத்தியது, அவள் அசையவில்லை. மெதுவாக, கோலத்துக்கு மாவு இழுக்கிற மாதிரி, வட்டத்தை இழுத்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். திரும்ப வந்தாள். மறுபடி நின்றாள். குனிந்து சேற்றுக்குள் கையை விட்டாள்.

கையைத் திறந்தபோது உள்ளே மோதிரம் இருந்தது. வேலைப்பாட்டின் இடுக்கில் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மிது ஓடி வந்து "காகிமா!" (சித்தி!) என்று அவளைக் கட்டிக்கொண்டதில் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். தேபு-தா அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தடியில் நான் மோதிரத்தை மெஷினுக்கு அடியில் காட்டி, துண்டை விலக்கித் திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அதே இடத்தை நான் மூன்று முறை கடந்திருந்தேன். மெல்லிய தங்க மோதிரமும் ஜிகினாத் தாளும் ஒரே நம்பர் காட்டும், பெரிய இரும்பு சில சமயம் வெள்ளி போல நடிக்கும் என்று கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு சாயங்காலம் படித்தேன்.

யார் முதலில் என்னை அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். தலையிலிருந்து சொட்டச்சொட்ட மாப்பிள்ளையின் அத்தை கிட்டே வந்தார். என்னையும் மீனையும் ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணுக்கு முன்னாடி எங்க மீனு குளிச்சிடுச்சு, அவ்வளவுதானே!" என்று சிரித்தார். கூட்டம் முழுவதும் சிரித்தது. அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் தெருவே வரிசையில் நின்று அடிபம்பிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கைமாற்றியது. என்னை ஒதுக்காமல் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். மத்தியானம் பிளம்பர் வந்து, குழாய் துருப்பிடித்து இற்றுப்போயிருக்கிறது என்றார். "பார்த்தீங்களா! ஷொங்கொர் பாபு இப்பவே உடைக்கலேன்னா அது பந்தி நடக்கும்போது தானா உடைஞ்சிருக்கும்!" என்று தேபு-தா வந்தவர்களிடமெல்லாம், ஏதோ நான் கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதானா என்று பிளம்பரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

மாலதியை எல்லோரும் புகழ்ந்தபோது அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது. "மெஷின் நல்ல மெஷின். இவர் வாங்கினது." என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு அன்றைக்கு ஆயிரம் காரணம் இருந்தது.

இப்போது புது மெஷின் அவளுடையது. திரைக்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டிருக்கிறாள். பழையது என்னிடம் இருக்கிறது. ஆணிக்கும் காசுக்கும் சத்தத்தில் வித்தியாசம் பிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்தக் கல்யாணத்துப் போட்டோகிராபர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. முதல் வருஷக் கல்யாண நாளுக்கு மிது ஒரு படத்தைச் சட்டம் போட்டு எங்களுக்கு அனுப்பிவைத்தாள். நனைந்த வேட்டியில் நான். என் மார்பில் சாய்ந்தபடி, சிவப்புப் பட்டில், மூக்குத்தியோடு அந்த மீன். என் மகள் அதை ஹாலில் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒவ்வொரு படமாகக் கைகாட்டி, தன் பாதி வங்காளத் தமிழில் அவள்தான் விளக்கம் சொல்வாள் (ஏட்டா என்றால் இது, ஓட்டா அது, பாபா அப்பா): "ஏட்டா அம்மாகூட கல்யாணம். ஓட்டா பாபாவோட செகண்ட் கல்யாணம்."

மாலதி காபியைக் கொடுத்துக்கொண்டே சேர்த்துக்கொள்வாள்: "ரொம்பத் தங்கமான பொண்ணு. இவர் என்ன பண்ணினாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை."