ஒன்றரை மில்லி

சிலிண்டர் ஹெட்டைத் தோளில் சுமந்தபடி சகலை பட்டறைக்குள் நுழைந்தபோதே மைக்ரானுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"ஒன்றரை மில்லி சீவிக் குடு சகலை. வண்டிக்குக் கம்ப்ரெஷன் ஏறணும்."

"எதுக்கு? மூணு வருஷமா கோப்பை உங்க வீட்லதானே தூங்குது?"

"அதுக்குத் துணைக்கு இன்னொண்ணு வேணாமா?"

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். இருவரிடமும் ஒரே கம்பெனி, ஒரே வருடத்துப் பழைய பெட்ரோல் டிராக்டர். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். வருடத்துக்கு ஒருமுறை பழைய டிராக்டர்காரர்கள் எல்லாம் கூடி, கல் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுப்பார்கள். மூன்று வருடமும் சகலை முதல். மூன்று வருடமும் மைக்ரான் இரண்டாவது. இரண்டாவதுக்குக் கோப்பை கிடையாது, கைதட்டல்தான். அதிலும் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டுவது சகலை.

மைக்ரான் என்பது பட்டப்பெயர்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வேலை அவ்வளவு துல்லியம். ஒரு தலைமுடியைக் கொடுத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தருவார் என்று பேச்சு.

ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் குறையும். பெட்ரோல் ஆவி இறுக்கமாக அமுங்கி, ஓங்கி வெடிக்கும். வண்டிக்கு இழுவை கூடும். சகலைக்கு நான்காவது கோப்பை.

மைக்ரான் ஹெட்டை மில்லிங் மெஷினில் இறுக்கினார். கட்டரை இறக்கி, பளபளப்பு வரும்படி மேலாக ஒரு தடவு தடவினார். வெங்காயத் தோல்கூட அதைவிடத் தடிமன்.

"முடிஞ்சுது. சரியா ஒன்றரை," என்றார். அளவு விஷயத்தில் வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய்.

நாலாம் நாள் சகலை அதே ஹெட்டோடு வந்து நின்றார். பொய் பிடிபட்டுவிட்டது என்றே மைக்ரான் நினைத்தார்.

"உன் கையே கை சகலை! வண்டி பறக்குது."

"பறக்குதா?"

"மிதக்குது. ஒண்ணே ஒண்ணு... இன்னும் ஒரு ஒன்றரை எடுத்தா இன்னும் நல்லா இருக்குமோன்னு தோணுச்சு. உனக்குச் சிரமம் இல்லேன்னா."

சும்மா தடவியதற்கே மிதக்கிறதா? அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"அத்தான் வண்டி காத்தா போகுதாம். அக்கா சொன்னா," என்றாள் மனைவி. "அவருக்குச் செய்யறதை நம்ம வண்டிக்கும் செஞ்சா என்ன?"

"தட்டைப் பாத்துச் சாப்பிடு."

"என் தட்டு காலி. நீங்கதான் பத்து நிமிஷமா ஒரே வாயை மெல்லுறீங்க."

மறுநாள் ஒன்றரை கேட்ட இடத்தில் நான்கு மில்லி எடுத்தார். அளவு மீறி இறுகினால் இன்ஜின் திணறும்; பாதி மேட்டில் மூச்சு முட்டி நிற்கட்டும். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. பொறாமைக்கு அவ்வளவு தூரம்தான் கண் தெரியும்.

ஒரு வாரம் கழித்து சகலை வந்தார். வலது கையில் மாவுக்கட்டு.

"என்ன ஆச்சு?"

"மாடிப்படியில வழுக்கிட்டேன்."

மாடிப்படி! மைக்ரானின் கண்ணில் கை படவில்லை, மாடிதான் பட்டது. போன வருடம்தான் சகலை மாடி எடுத்திருந்தார். கீழே விழுவதில்கூட மனுஷனுக்கு வசதி. தன் வீட்டில் விழ வேண்டுமென்றால் நாற்காலி போட்டு ஏறித்தான் விழ வேண்டும்.

"வண்டி எப்படி?"

"வண்டியா அது? குதிரை! கிட்டப் போனாலே உதைக்குது. என் கைதான் இப்படி ஆயிடுச்சு. இந்த வருஷம் கோப்பை உனக்குத்தான் சகலை."

பிச்சை போடுகிறார். குதிரையைக் கொட்டடியில் கட்டிவிட்டு, கழுதைக்கு வழிவிடுகிறார். ஜெயித்தாலும் என்ன பேச்சு வரும்? 'அவர் வரலை, அதான் இவரு.'

அன்றே தன் வண்டியின் ஹெட்டைக் கழற்றி நான்கு மில்லி எடுத்தார். மாட்டித் தண்ணீர் ஊற்றியதும், ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகடு வழியாகக் கசிந்தது. இரண்டு கேஸ்கெட் போட்டார். கசிவு நின்றது, ஏற்றிய கம்ப்ரெஷன் இறங்கிவிட்டது. மறுபடி கழற்றி இன்னும் ஒன்றரை எடுத்தார். கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் வால்வு பிஸ்டனில் இடித்தது. பிஸ்டன் தலையில் பள்ளம் எடுத்தார்.

"வீட்டுக்கு வர்ற வழி ஞாபகம் இருக்கா?" என்று மனைவி போனில் கேட்டாள்.

"குதிரை ரெடியாகட்டும்."

"எந்தக் குதிரை?"

போட்டியன்று காலையில்தான் கடைசி நட்டு ஏறியது. ஒருமுறை கிளப்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. வண்டியை லாரியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார்.

முன்வரிசையில் கட்டோடு சகலை.

"என்ன சகலை, ஹெட்டு பளபளன்னு இருக்கு? இதையும் சீவிட்டியா?"

"உங்களுதை விட ஒன்றரை கூட."

சகலையின் முகம் வெளுத்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சகலை, ஒரு நிமிஷம் இரு... இன்னைக்கு வேணாமே. நான் சொல்றதைக் கேளு..."

மைக்ரானுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொறாமை! சகலைக்குப் பொறாமை! மூன்று வருடம் காத்திருந்து பார்க்கும் முகம்.

"உக்காருங்க. இன்னைக்கு நீங்க கைதட்டுங்க போதும்."

கைப்பிடியைச் செருகினார். மூச்சைப் பிடித்து ஓங்கிச் சுற்றினார். இன்ஜின் ஒரே ஒரு தரம் வெடித்தது. கைப்பிடி வந்த வழியே திரும்பியது. வண்டி கிளம்பவில்லை, மைக்ரான்தான் கிளம்பி இரண்டடி தள்ளி விழுந்தார். கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டு கைதட்டியது. சகலையால் மட்டும் தட்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுபவர் மைக்ரானின் வலது கைக்குத் துணியை மாவில் நனைத்தார். சகலை வெளியே பெஞ்சில், நல்ல கையால் மைக்ரானின் செருப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்படி ஆச்சு சார்?"

மைக்ரான் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாடிப்படியில வழுக்கிட்டேன்."

கட்டுப் போடுபவர் சிரித்துவிட்டார். "நீங்களுமா? வெளிய உக்காந்திருக்காரே, அவரும் பத்து நாள் முன்னாடி இதே கை, இதே எலும்பு, டிராக்டர் கைப்பிடி உதைச்சு வந்தாரு. 'மாடிப்படின்னே எழுதுங்க, ஹெட்டைச் சீவிக் குடுத்தது என் சகலை, தன் வேலையில தப்பு வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அவன் மனசு உடைஞ்சு போயிடுவான்'னாரு."